டெர்மினலில் எழுத்துகளை அச்சிடுதல்: எக்கோ, பிரிண்ட்எஃப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, கொளத்தூர் பகுதிகளில் பாலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் படித்துக்கொண்டே மாலையில் லினக்ஸ் பழகும் மாணவர்களும், வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைகளிலும் காசிமேட்டு மீன் வணிகத்திலும் கணக்கு எழுதும் சிலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைப் பெயர்களும் குறியீட்டு எழுத்துகளும் ஒலிப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். எக்கோ என்பது ஈ, சி, எச், ஓ என்னும் நான்கு எழுத்துகள். \என் என்று எழுதியிருந்தால் பின்சாய்கோட்டை அடுத்து என் என்ற எழுத்து. நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலே ஷெல்; பேஷ் அவற்றில் ஒன்று. தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் பேஷ் ஷெல்லையே மனத்தில் கொள்ளவும்.

எக்கோ உண்மையில் என்ன செய்கிறது?

தனக்குத் தரப்பட்ட சொற்களை, இரண்டு சொற்களுக்கு இடையில் ஓர் இடைவெளி விட்டு, வரிசையாக எழுதி, இறுதியில் ஒரு புதுவரிக் குறியைச் சேர்க்கிறது. அதன் வேலை அவ்வளவுதான். ஆனால் நீங்கள் தட்டச்சு செய்த வரி நேராக எக்கோவிடம் போவதில்லை என்பதை முதலிலேயே மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். ஷெல் அந்த வரியை முதலில் படித்து, இடைவெளி கண்ட இடங்களில் வெட்டி, டாலர் குறிகளுக்கு மதிப்பு நிரப்பி, உடுக்குறி (*) இருந்தால் அதைக் கோப்புப் பெயர்களாக விரித்து, மேற்கோள் குறிகளை அகற்றிய பிறகுதான் மிச்சமிருப்பதை எக்கோவிடம் ஒப்படைக்கிறது. எக்கோ தவறாக அச்சிடுகிறது என்று வரும் முறையீடுகளில் பெரும்பாலானவை ஷெல் இவ்வாறு மாற்றியதன் விளைவுகளே.

மேற்கோள் குறி இல்லாமலும் வேலை செய்கிறதே, பிறகு எதற்கு அது?

சில நேரங்களில் மட்டும் வேலை செய்கிறது என்பதுதான் சரியான விடை. கீழ்க்காணும் மூன்று வரிகளை நீங்களே இட்டுப் பாருங்கள்.

எக்கோ ராயபுரம்     எண்ணூர்
எக்கோ 5 * 3
எக்கோ "விலை $50"

முதல் வரியில் ஐந்து இடைவெளிகள் விட்டிருந்தாலும் திரையில் ஒன்றுதான் தெரியும். ஷெல்லுக்கு அந்த இடைவெளிகள் சொற்களைப் பிரிக்கும் எல்லை மட்டுமே, எக்கோ அவற்றைப் பார்ப்பதே இல்லை. இரண்டாவதில் 5க்கும் 3க்கும் நடுவே அந்தக் கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளின் பெயர்களும் வந்து நிற்கும். கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை பழுதான கணினியில் எக்கோவையும் உடுக்குறியையும் வைத்தே என்னென்ன கோப்புகள் உள்ளன என்று பார்த்துவிட முடிவது இதனால்தான். மூன்றாவது வரிதான் கடைக்கணக்கு எழுதுபவர்களை அதிகம் ஏமாற்றுவது. இரட்டை மேற்கோளுக்குள் இருந்தும் திரையில் "விலை 0" என்றே வருகிறது. ஸ்கிரிப்டுக்குத் (கட்டளைகளை எழுதி வைத்த கோப்புக்குத்) தரப்பட்ட ஐந்தாவது உள்ளீட்டைக் குறிப்பதாக $5 என்பதை ஷெல் எடுத்துக்கொள்கிறது. அப்படி ஓர் உள்ளீடு இல்லாததால் அங்கே வெறுமையை இட்டு, எஞ்சிய 0 என்ற எழுத்தை மட்டும் விட்டுவைக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. ஐம்பது சத்தமில்லாமல் பூச்சியமாகிவிடும். நமது ₹ குறிக்கு ஷெல்லில் சிறப்புப் பொருள் இல்லாததால் அதை எழுதுவதில் இந்த ஆபத்து இல்லை.

ஒற்றை மேற்கோளா, இரட்டை மேற்கோளா?

ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பதை ஷெல் தொடுவதே இல்லை. இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறி, பின்சாய்கோடு, இடச்சாய்வு மேற்கோள் (`) ஆகியவை தம் சிறப்புப் பொருளை இழப்பதில்லை. மாறாத உரைக்கு ஒற்றை, மாறியின் (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயரின்) மதிப்பு நடுவில் வர வேண்டுமென்றால் இரட்டை என்று பழக்கப்படுத்திக்கொள்வது நல்லது.

பேஷில் நேரடியாகத் தட்டச்சு செய்யும்போது ஆச்சரியக்குறியிலும் கவனம் வேண்டும். எக்கோ "நில்!கவனி" என்று இட்டால், ஆச்சரியக்குறியை அடுத்து வரும் சொல்லில் தொடங்கும் பழைய கட்டளை ஒன்றை ஷெல் வரலாற்றில் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லும். ஒற்றை மேற்கோளில் இட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஸ்கிரிப்டுக்குள் இந்தத் தேடல் இயல்பாகவே அணைந்திருக்கும்.

வரி முடிவில் புதுவரி வராமல் இருக்க வேண்டுமே?

பேஷில் எக்கோ -என் என்று இடலாம். ஆனால் வடிவம் ஒன்றைத் தந்து அச்சிட உதவும் பிரிண்ட்எஃப் கட்டளை, நீங்கள் கேட்டாலொழியப் புதுவரி சேர்ப்பதில்லை என்பதால், அதுவே நம்பகமான வழி.

இது வெறும் அழகுக்கான செய்தி அன்று. ஒரு சொல்லுக்கு ஹேஷ் மதிப்பு (அதன் பைட்டுகளிலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) எடுக்க அந்தச் சொல்லை எக்கோ வழியாகக் குழாயில் (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குத் தரும் | குறியில்) அனுப்பும் மாணவர்கள், இணையத்தில் பார்த்த மதிப்பு வரவில்லையே என்று திகைக்கிறார்கள். எக்கோ சேர்த்த ஒரே ஒரு புதுவரி பைட்டு அந்த மதிப்பை முழுவதுமாக மாற்றிவிடுகிறது.

\என் என்று எழுதினால் ஒரு கணினியில் புதுவரி வருகிறது, வேறொன்றில் அப்படியே அச்சாகிறது. ஏன்?

எக்கோ ஒரே பெயரில் பல நடத்தைகள் கொண்ட கட்டளை. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் எக்கோ, பின்சாய்கோட்டுத் தொடர்களைப் பொருட்படுத்தவில்லை. -என் என்ற விருப்பம் மட்டும் அதில் இருந்தது. பின்னர் சிஸ்டம் ஃபைவ் வழியில் வந்த யூனிக்ஸ்கள் பின்சாய்கோட்டுக்குப் பொருள் கொடுத்தன. பெர்க்லி வழியில் வந்தவை பழைய முறையையே வைத்துக்கொண்டன. இரு தரப்பிலும் ஏற்கனவே ஏராளமான ஸ்கிரிப்டுகள் ஓடிக்கொண்டிருந்த நிலையில், யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரநிலை ஒரு பக்கம் சாயாமல், முதல் உள்ளீடு -என் ஆக இருந்தாலோ ஏதேனும் ஓர் உள்ளீட்டில் பின்சாய்கோடு இருந்தாலோ என்ன நடக்கும் என்பதை அந்தந்த அமைப்பின் முடிவுக்கே விட்டுவிட்டது.

1989இல் பிரையன் ஃபாக்ஸ் குனூ திட்டத்துக்காக எழுதி வெளியிட்ட பேஷில், -ஈ என்ற விருப்பத்தைத் தந்தால்தான் \என் புதுவரியாகும். மேக் கணினிகளில் 2019இன் கேட்டலினா பதிப்பு முதல் இயல்புநிலையாக இருக்கும் இசட்எஸ்எச் ஷெல்லில், விருப்பம் தராமலே அது புதுவரியாகிவிடும். உபுண்டு 2006இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து, எஸ்எச் என்ற பெயரில் டேஷ் என்னும் சிறிய ஷெல்லை இயக்குகிறது. அங்கே பின்சாய்கோடு பொருள் தரும், ஆனால் -ஈ ஒரு விருப்பமே அன்று. ஆகவே "-ஈ" என்பதே உரையின் தொடக்கத்தில் அச்சாகிவிடும். நீங்கள் டெர்மினலில் பேஷில் சோதித்துப் பார்த்துவிட்டு, ஸ்கிரிப்டின் முதல் வரியில் எஸ்எச் என்று எழுதியிருந்தால், உங்கள் வெளியீட்டில் எங்கிருந்தோ முளைக்கும் "-ஈ" இதுதான். வீட்டுக் கணினியில் சரியாக ஓடிய பயிற்சி ஆய்வகத்தில் பிசகுவதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பதால், ஸ்கிரிப்டின் முதல் வரியை எப்போதும் பாருங்கள்.

அப்படியானால் எக்கோவையே விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. "நகல் எடுக்கும் பணி தொடங்கியது" என்பது போன்ற, பின்சாய்கோடோ தொடக்கத்தில் சிறுகோடோ இல்லாத மாறா உரைக்கு எக்கோ போதும், படிக்கவும் எளிது. உரையில் ஒரு மாறியின் மதிப்பு வருகிறது என்றால் அங்கே பிரிண்ட்எஃப் பயன்படுத்துங்கள். பயனர் தந்த சொல் -என் என்றே இருந்தால் பேஷின் எக்கோ எதையுமே அச்சிடாது. பிரிண்ட்எஃப் அதை அப்படியே காட்டும். 1992இன் போசிக்ஸ் தரநிலையிலேயே இடம்பெற்ற கட்டளை என்பதால், மேலே சொன்ன எல்லா ஷெல்களிலும் அது உண்டு.

பிரிண்ட்எஃப் '%எஸ்\என்' "$1"

முதலில் வடிவம், பிறகு தரவு. %எஸ் இருக்கும் இடத்தில் தரவு வந்து அமரும்; இங்கே அது ஸ்கிரிப்டின் முதல் உள்ளீடான $1. வடிவத்தை ஒற்றை மேற்கோளிலும் தரவை இரட்டை மேற்கோளிலும் இடுவதை விரல்களுக்குப் பழக்கிவிட்டால் இந்தப் பக்கத்தின் பாதிக் கேள்விகள் எழவே எழா.

தரவு வடிவத்தை விட அதிகமாக இருந்தால் வடிவம் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்படும் என்பது இதன் மிகச் சிறந்த இயல்பு. நம் கும்மிடிப்பூண்டி மின்தொடர் வழித்தட நிலையங்களை எடுத்துக்கொள்வோம்.

பிரிண்ட்எஃப் '%எஸ்\என்' கொருக்குப்பேட்டை தண்டையார்பேட்டை வ.உ.சி. நகர் திருவொற்றியூர்

நான்கு நிலையங்கள் தந்தோம், வருவதோ ஐந்து வரிகள், "வ.உ.சி." ஒரு வரியாகவும் "நகர்" அடுத்த வரியாகவும் பிரிந்து நிற்கும். இதே பட்டியலை எக்கோவுக்குத் தந்தால் எல்லாம் ஒரே வரியில் வருவதால் பிளவு கண்ணுக்குத் தெரியாது. ஷெல் எத்தனை சொற்களாக வெட்டியது என்பதை வரிக்கு ஒன்றாகக் காட்டிவிடுவதால், பிழை தேடும்போது இந்த ஒரு கட்டளையைத்தான் நான் முதலில் இடச் சொல்வேன். "வ.உ.சி. நகர்" என்று மேற்கோளுக்குள் இட்டால் நான்கு வரிகளாகிவிடும்.

"20% தள்ளுபடி" என்று அச்சிட்டால் பிழை வருகிறதே?

உரையை வடிவத்தின் இடத்தில் வைத்திருக்கிறீர்கள். விழுக்காட்டுக் குறியைக் கண்டதும் பிரிண்ட்எஃப் அதை அடுத்து ஒரு வடிவ எழுத்தை எதிர்பார்க்கிறது; "தள்ளுபடி"யின் முதல் பைட்டு அப்படிப்பட்ட எழுத்து அன்று. உரையைத் தரவின் இடத்துக்கு மாற்றுங்கள். வடிவத்திலேயே விழுக்காடு வர வேண்டுமென்றால் %% என்று இரண்டு இடுங்கள். மாறியை வடிவமாகத் தருவதை மட்டும் எந்நிலையிலும் செய்யாதீர்கள். அந்த மாறியில் நாளை என்ன வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

பல வரிகளை ஒன்றாக அச்சிட எக்கோவை வரிக்கு வரி எழுத வேண்டுமா?

இல்லை. கேட் கட்டளையை அடுத்து << என்ற குறியும் ஒரு முடிவுச் சொல்லும் இட்டு, அடுத்த வரிகளில் உரையை எழுதி, அதே முடிவுச் சொல்லைத் தனி வரியில் இட்டு முடிக்கலாம். முடிவுச் சொல்லை முதலில் எழுதும்போது ஒற்றை மேற்கோளில் இட்டால் உள்ளே உள்ள டாலர் குறிகள் விரியாமல் அப்படியே இருக்கும்.

பிழைச் செய்திகளைத் தனியாக அனுப்புவது எப்படி?

கட்டளை வரியின் இறுதியில் >&2 என்று சேருங்கள். ஒவ்வொரு நிரலுக்கும் 0 உள்ளீடு, 1 வழக்கமான வெளியீடு, 2 பிழை வெளியீடு என மூன்று வாய்க்கால்கள் திறந்தே தரப்படுகின்றன. ஸ்கிரிப்டின் விடையை ஒருவர் கோப்பில் சேமிக்கும்போது, "கோப்பு கிடைக்கவில்லை" என்ற செய்தி அந்தக் கோப்புக்குள் போய்ப் புதையாமல் திரையில் அவர் கண்ணில் பட வேண்டும். பலரும் எழுதாமல் விடும் வரி இது. ஆனால் பிறர் பயன்படுத்தும் ஸ்கிரிப்டில் இது கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன்.

கோப்பில் எழுதும்போது பழைய உள்ளடக்கம் அழிந்துவிட்டது. மீட்கலாமா?

நகல் இல்லையென்றால் பெரும்பாலும் மீட்க முடியாது. > என்ற குறி கோப்பை வெறுமையாக்கிவிட்டுத்தான் கட்டளையைத் தொடங்கும். >> என்பது இறுதியில் சேர்க்கும். செட் -சி என்று இட்டுவிட்டால் (இங்கே சி பேரெழுத்து), ஏற்கனவே இருக்கும் கோப்பின்மேல் > எழுத மறுத்துவிடும். பலர் பகிர்ந்துகொள்ளும் ஆய்வகக் கணினிகளில் இதை இயல்பாக வைத்துக்கொள்ளலாம்.

சூடோ போட்டும் "அனுமதி இல்லை" என்கிறதே?

கட்டளையை நிர்வாகி அதிகாரத்துடன் இயக்கும் சூடோ, எக்கோவுக்கு மட்டும்தான் அந்த அதிகாரத்தைத் தருகிறது. > குறிக்காகக் கோப்பைத் திறப்பது உங்கள் சாதாரண ஷெல். அதற்கு அதிகாரம் இல்லை. எக்கோவின் வெளியீட்டைக் குழாய் வழியாக சூடோ டீ என்ற கட்டளைக்கு அனுப்பி, அதற்குக் கோப்பின் பெயரைத் தாருங்கள். இறுதியில் சேர்ப்பதற்கு டீ -ஏ.

வண்ணத்தில் அச்சிடலாமா?

அச்சிடலாம். '\033[31எம்' என்பது எழுத்தைச் சிவப்பாக்கும், '\033[0எம்' பழைய நிலைக்குத் திருப்பும். டிஜிட்டல் நிறுவனம் 1978இல் கொண்டுவந்த விடி100 டெர்மினல் வழியாகப் பரவிய கட்டுப்பாட்டுத் தொடர்களின் குடும்பம் இது. வெளியீடு கோப்புக்குப் போனால் இந்தத் தொடர்களும் குப்பையாகச் சேர்ந்து போகும். எனவே [ -டி 1 ] (இங்கே டி என்பது t) என்று சோதித்து, வெளியீடு திரைக்குத்தான் போகிறது என்றால் மட்டும் வண்ணம் இடுங்கள்.

கடவுச்சொல்லை எக்கோ வழியாக இன்னொரு நிரலுக்கு அனுப்பலாமா?

வேண்டாம். தட்டச்சு செய்த வரி அப்படியே ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் பதிவாகிறது. பொதுக் கணினியில் அடுத்து உட்காருபவர் மேல்நோக்கு அம்பை அழுத்தினாலே போதும். ரீட் -எஸ் என்று கேட்டுப் பெறுங்கள். தட்டச்சு செய்வது திரையிலும் தெரியாது.

"தமிழ்" என்ற சொல்லுக்கு மூன்று எழுத்து. எக்கோ வழியாக அனுப்பினால், எண்ணிக்கை காட்டும் டபிள்யூசி -சி கட்டளை 16 என்கிறதே?

தமிழில் தரவைக் கையாள விரும்பும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியில் சற்று நேரம் நின்றாக வேண்டும். நம் கண்ணுக்கு அது மூன்று எழுத்து. யுனிக்கோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வடிவமைத்த யூடிஎஃப்-8 முறையில் தமிழ்த் தொகுதியின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகள் பிடிக்கும், ஆக 15. எஞ்சிய ஒன்று எக்கோ சேர்த்த புதுவரி. டபிள்யூசி -சி பைட்டுகளை எண்ணும், -எம் குறியீடுகளை எண்ணும். நாம் எழுத்து என்று சொல்வதை இரண்டுமே எண்ணுவதில்லை.

நேரில் பார்க்க விரும்பினால் இதை இட்டுப் பாருங்கள்:

பிரிண்ட்எஃப் '\340\256\244\340\256\256\340\256\277\340\256\264\340\257\215'

எட்டடிமான எண்களில் எழுதிய 15 பைட்டுகள் திரையில் "தமிழ்" என்று கூடி நிற்கும். கடைசி மூன்றை எடுத்துவிட்டால் புள்ளி போய் "தமிழ" என்றாகும். கடைசி ஒன்றை மட்டும் எடுத்தால் அரைகுறைப் பைட்டுகள் எஞ்சி, அந்த இடத்தில் கேள்விக்குறியிட்ட கட்டமோ வெற்றிடமோ தெரியும். தமிழ் உரையைப் பைட்டு எண்ணிக்கையால் வெட்டும் எந்த நிரலும் இந்தச் சிதைவை உண்டாக்கும்.

பிரிண்ட்எஃபில் அகலம் கொடுத்தும் தமிழ்ப் பட்டியல் நேராக நிற்கவில்லை. ஏன்?

மேலே சொன்ன கணக்கே காரணம். %-30எஸ் என்று அகலம் தந்தால், பேஷின் பிரிண்ட்எஃப் 30 பைட்டுகள் என்று எடுத்துக்கொள்கிறது. "ராயபுரம்" எட்டுக் குறியீடுகள், 24 பைட்டுகள். ஆறு இடைவெளிகள் சேர்க்கும். "எண்ணூர்" 21 பைட்டுகள், ஒன்பது சேர்க்கும். "திருவொற்றியூர்" 42 பைட்டுகள் என்பதால் இடைவெளியே சேர்க்காது. அடுத்த நெடுவரிசை வரிக்கு வரி தள்ளாடுவதைத் தவிர வேறு வழியில்லை. குறியீடுகளை எண்ணும் இசட்எஸ்எச் ஷெல்லுக்கு மாறினாலும் முழுத் தீர்வு கிடைக்காது. புள்ளியும் உயிர்க்குறிகளும் திரையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதில் டெர்மினலுக்கு டெர்மினல் வேறுபாடு உண்டு.

எனக்குத் தெரிந்த உறுதியான வழி, எண்களை இடப்புறமும் தமிழ்ப் பெயரைக் கடைசியிலும் வைப்பது. எண்களில் ஒவ்வோர் இலக்கமும் ஒரு பைட்டு, ஒரு கட்டம். கிலோ, விலை, மீனின் பெயர் என்ற வரிசையில் (இங்கே டி என்பது d, முழு எண்ணுக்கான வடிவ எழுத்து):

பிரிண்ட்எஃப் '%6டி %8டி  %எஸ்\என்' 12 9600 வஞ்சிரம் 40 8000 நெத்திலி

பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்குப் பின்னால் கலைவதற்கு எதுவும் இல்லை. பெயர் முதலில்தான் வர வேண்டும் என்றால், கமாவிட்டுக் கோப்பில் எழுதி விரிதாளில் திறந்து பார்ப்பது மேல்.

கொம்பு தள்ளி நிற்கிறது. எக்கோவின் பிழையா?

இல்லை. "கெ" என்பதில் க முதலாவதாகவும் கொம்பு அடுத்ததாகவும் சேமிக்கப்படுகின்றன; கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது டெர்மினலின் பொறுப்பு. எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் வளர்ந்த டெர்மினல்கள் பலவற்றில் அந்தப் பணி இன்றும் அரைகுறையாகவே இருக்கிறது. அதே உரையைக் கோப்பில் எழுதி உரைத்தொகுப்பியில் திறந்து பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் உங்கள் தரவில் குறையில்லை. ஸ்கிரிப்டைத் திருத்தப் புகாதீர்கள்.

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

பேஷில் முடியாது. ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு மட்டுமே ஏற்கும். மதிப்பு தமிழில் இருப்பதற்குத் தடையில்லை.

விண்டோஸ் கட்டளை வரியில் தமிழ் வரவில்லை.

சிஎச்சிபி 65001 என்று இட்டு யூடிஎஃப்-8க்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்துரு உள்ள புதிய விண்டோஸ் டெர்மினலில் பார்ப்பது நல்லது. அங்குள்ள எக்கோ மேற்கோள் குறிகளையும் சேர்த்தே அச்சிடும் என்பதால், இப்பக்கத்தின் எடுத்துக்காட்டுகளை அப்படியே அங்கே இட வேண்டாம்.

திரையில் சரியாக வரும் தமிழ், கடை பில் பிரிண்டரில் குப்பையாக வருகிறதே?

ரசீது அச்சிடும் சிறு பிரிண்டர்கள் பெரும்பாலும் எழுத்துக்கு ஒரு பைட்டு என்ற குறியீட்டு அட்டவணையைக் கொண்டே இயங்குகின்றன. நீங்கள் அனுப்பும் மூன்று பைட்டுகளை அவை மூன்று வேறு எழுத்துகளாக அச்சிடுகின்றன. பில் மென்பொருள்கள் தமிழ் வரியைப் படமாக மாற்றி அனுப்புவது இதனால்தான். ஷெல்லிலிருந்து அச்சிடுவதானாலும் உரையை முதலில் படமாக்கித்தான் அனுப்ப வேண்டும். வடிவமும் மேற்கோளும் எவ்வளவு சரியாக இருந்தாலும், பிரிண்ட்எஃப் மட்டும் கொண்டு இதைச் சரிசெய்ய இயலாது.